மதிப்பெண்ணை வைத்து நிர்வாகத்தை எடைபோட முடியாது
தேர்வு முடிவுகள் நன்றாக இருக்கும் அமெரிக்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பண நிர்வாகமும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள ராஸ்லின் பள்ளி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் அதன் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் ஃபிராங்க் டசோன், அவருடைய உதவிக் கண்காணிப்பாளர், இன்னும் சிலர் என்று சேர்ந்து பள்ளிப் பணத்தைச் சுருட்டினார்கள், 2005இல் மாநிலத் தணிக்கை கணக்கிட்ட தொகை 1.12 கோடி டாலர். உதவிக் கண்காணிப்பாளரின் கையாடல் 2002இலேயே மாவட்டத்தை மேற்பார்வையிடும் பள்ளி வாரியத்துக்குத் தெரியும். போலீசுக்குப் போகாமல், பணத்தைக் கட்டிவிட்டு ராஜினாமா செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள், பள்ளியின் நல்ல பெயர்தான் எல்லார் வாயையும் அடைத்தது என்பது என் எண்ணம். 2004இல் அதை வெளியே கொண்டுவந்தது மாணவர் பத்திரிகை! மேலே கருத்து எழுதிய ஒருவர் 'வெளித் தணிக்கையாளர் பார்ப்பாரே' என்கிறார். சரி, ராஸ்லினில் அந்தத் தணிக்கையாளரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் வாரிய உறுப்பினர்களுக்கு நிதிப் பயிற்சி, தணிக்கைக் குழு, உள் தணிக்கை என்று மாநிலம் 2005இல் சட்டம் போட்டது. நானும் லாங் ஐலண்டில்தான் இருக்கிறேன், பள்ளி பட்ஜெட்டுக்கு ஊர்மக்கள் ஓட்டுப் போடும் மே மாத ஓட்டெடுப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் கல்லூரிச் சேர்க்கை வரைபடம் திரையில் வந்ததும் கைதட்டுகிறார்கள், செலவுப் பட்டியல் வரும்போது பாதி நாற்காலி காலி. உங்கள் மாவட்டத்தில் செலவுச் சீட்டுகளை யார் சரிபார்க்கிறார்கள், மாவட்டத்தின் கடன் அட்டை யார் யார் கையில் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.