கேமரா எடுக்கவில்லை, நான் எடுத்தேன்

முகநூலில் நான் போட்டிருந்த ஒரு புகைப்படத்தை, என் பேர் போடாமல் ஒரு பதிப்பகம் புத்தக அட்டையில் போட்டுவிட்டது. அந்த அட்டைப்பட விவகாரம் பற்றி நேற்றிலிருந்து உள்பெட்டியில் பலர் கேட்கிறீர்கள். பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பணமும் கேட்கவில்லை. ஆனால் போனில் பதிப்பகத்துக்காரர் சொன்ன ஒரு வரியை என்னால் விழுங்க முடியவில்லை. "ஓவியம்னா பேர் போட்டிருப்போம் சார். இது கேமரா எடுத்ததுதானே?"

கேமரா எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

2004 பங்குனி வெயில். மதுரையில் வைகைக்குள், மைய மண்டபத்துக்குப் பக்கத்தில் கொடி கட்டி வெள்ளை வேட்டிகள் காய்கின்றன. நடுவில் சலவைக்காரப் பெரியவர். பளீர் வெள்ளையைக் கண்டால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்துவிடும். வெளிச்சம் ஏகத்துக்கு இருக்கிறதென்று குறைத்துச் சொல்லும், வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும். அது சொன்னதற்கு மேல் ஒன்றரை ஸ்டாப் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) கூட்டி வைத்தேன். கேமரா சொன்னபடி விட்டிருந்தால் உங்களுக்கு அட்டைப்படமே கிடைத்திருக்காது ஐயா.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தாய்மாமா. 1993இல் பிளஸ் டூ முடித்த கையோடு அவர் ஸ்டுடியோவில் போய் நின்றேன். பின்கட்டில் சாக்குப் படுதா தொங்கவிட்ட இருட்டறை, சிவப்பு பல்பு, விரல் நுனியில் எந்நேரமும் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி. ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) பிலிமில்தான் கை பழகினேன். ஒரு ரோலை வீணடித்துவிட்டு வந்தபோது மாமா திட்டவில்லை. "ரோல்ல முப்பத்தாறுதான்டா மாப்ள. பாக்குறதுக்குக் கணக்கு இல்ல. மொதல்ல போய்ப் பாரு" என்றார். அப்புறம் நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆற்றில்தான் கிடந்தேன். காற்று எந்த மணிக்கு எந்தப் பக்கம் திரும்பும், வேட்டி எப்படி உப்பும் என்று தெரிந்துதான் அந்த இடத்தில் நின்றேன். கேமரா நிற்கவில்லை. நான் நின்றேன்.

'சட்டம் தெரியுமா' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தெரியும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்தையும் புகைப்படத்தையும் ஒரே வரிசையில் கலைப்படைப்பு என்கிறது. அதுவும் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கு உண்டு. நானோ விற்கவே இல்லை.

'முகநூலில் போட்டால் அப்படித்தான்' என்பவர்களுக்கு: தெருவில் கொடியில் காயும் வேட்டியை உருவிக்கொண்டு போவீர்களா?

'இப்போது போனில் எல்லாரும்தான் எடுக்கிறார்கள்' என்பவர்களுக்கு: எடுக்கட்டும், சந்தோஷம். என் அக்கா மகள் போனில் எடுக்கும் படங்களைப் பார்த்து நானே கற்றுக்கொள்கிறேன். அதையும் போன் எடுக்கவில்லை, அவள்தான் எடுக்கிறாள்.

காட்டுயிர்களைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் காட்டுக்குள் யானைக்கும் மானுக்கும் கறுப்பு வெள்ளையிலேயே ஆயுள் முழுக்கக் காத்துக் கிடந்தார். அவர் கேமரா, வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒட்டுப்போட்டது. செக் நாட்டுப் பிராகாவில் வாழ்ந்த புகைப்படக்காரர் யோசெப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் பெரிய கேமராவைத் தூக்கி அலைந்தார், தன் ஸ்டுடியோ ஜன்னல் ஒன்றையே வருடக்கணக்கில் எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, அதற்கு வெளியே வளைந்த ஒரு மரம், அவ்வளவுதான். அவரிடம் போய் இது கேமரா எடுத்தது என்று சொல்ல முடியுமா?

ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தைத்தது. 'பேர் பேர் என்கிறாயே, அந்தப் பெரியவரிடம் நீ கேட்டா எடுத்தாய்?' கேட்கவில்லை. அப்போதெல்லாம் யாரிடமும் கேட்காமல்தான் எடுத்தேன், அது தப்பு. இந்தப் படத்தைக் கழுவி, பிரிண்ட் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேட்டி நல்லா வெளுத்திருக்கு" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் வேலையைச் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியாது.

2011இல் அவர் போய்விட்டார். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அவருடைய வேறு படம் அவர்களிடம் கிடையாது.

பேரை விட்டதைக்கூட மறந்துவிடுவேன். படத்தை வெட்டியிருக்கிறார்கள். தலைப்புக்கு இடம் வேண்டுமென்று மேலே வெட்டியதில் பெரியவரின் தலை நெற்றியோடு போய்விட்டது. முந்தாநாள் அவர் மகள் புத்தகக் கடையில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அப்பா தலை எங்கண்ணே?"

நான் என்ன பதில் சொல்ல?

அடுத்த அச்சில் படத்தை முழுசாகப் போடுங்கள். அவர் பேரை அந்த வீட்டில் கேட்டு வாங்கித் தருகிறேன், அதை முதலில் போடுங்கள். என் பேர் அதற்குக் கீழே இருக்கட்டும்.