அந்த மரக்கட்டைகள் விளையாட்டுச் சாமான்கள்தாம்

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். நேரில் வராதவர்களுக்கும் அந்த நாற்பது விநாடிக் காணொளி இந்நேரம் மூன்று நான்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வந்து சேர்ந்திருக்கும். "வீடு கட்டப் படிக்க அனுப்பினால் விளையாடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாயே, அம்மா" என்று ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் கேட்பதும், கூடம் முழுதும் சிரிப்பதும், மேசைமேல் பரப்பிய மரக்கட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் பெண் தலையைக் குனிவதும் அதில் இருக்கின்றன. அதன் பிறகு அவள் ஆறு நிமிடம் நிதானமாகச் சொன்ன மறுமொழி அதில் இல்லை. அந்தப் பெண் என் அண்ணன் மகள், கட்டடக்கலை மாணவி; குடியிருப்பவர்களே தங்கள் வீட்டை அடுக்கிப் பார்க்க அவள் செய்த ஆட்டம்தான் அந்த மரக்கட்டைகள். ஆகவே நடுநிலையோடு எழுதுகிறேன் என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் 1989 தொடங்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டட வரைபடங்கள் வரைந்து பிழைத்தவள் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல ஏதோ உண்டு என்று நம்புகிறேன்.

அவளுக்கு ஆதரவாகப் பேச வந்த நண்பர்கள் சிலர், "அது விளையாட்டு அன்று, ஆய்வு" என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய அன்புக்கு நன்றி. ஆயினும் அதை நான் ஏற்கவில்லை. அது விளையாட்டுதான். அவளே அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறாள். விளையாட்டு என்று ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கும் இடத்தில்தான் அந்தப் பெரியவரோடு நாமும் போய்ச் சேர்ந்துகொள்கிறோம்.

அன்று மேசைமேல் என்ன இருந்தது என்பதைச் சிரித்தவர்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இருபதில் ஒரு பங்கு அளவில் ஒரு நான்கறை வீட்டின் தரைப்பலகை. அதன்மேல் நகர்த்தக்கூடிய அறைகள், கட்டில், சமையல் மேடை, சலவை இயந்திரம். சாம்பல் நிறக் கட்டைகளை யாரும் தொடக்கூடாது. அவை தூண்களும் குழாய்ச் சந்தும், போர் அவசரத்தில் பதுங்குவதற்காக வீட்டுக்குள் கட்டிய கெட்டிச்சுவர்க் காப்பறையும். காப்பறையின் சுவரில் உளி படக்கூடாது என்பது வீடு புதுப்பித்த எவருக்கும் தெரியும். மஞ்சள் கட்டைகள் படுக்கையறைகள். அவற்றின் ஒரு பக்கமாவது வெளிச்சுவரைத் தொட வேண்டும், இல்லையேல் சன்னல் கிடையாது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் செடித்தொட்டியோ காலணி அடுக்கோ வைக்கலாம், ஆனால் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டாக வேண்டும், ஏனென்றால் தீப்பற்றினால் மக்கள் ஓட வேண்டிய வழி அது. இத்தனை விதிகளுக்கும் உட்பட்டு, உங்கள் வீட்டை நீங்களே அடுக்குங்கள் என்பதுதான் ஆட்டம். விதி இல்லாத ஆட்டம் உலகில் எங்கும் இல்லை. பல்லாங்குழிக்கும் உண்டு, பாண்டிக்கும் உண்டு. வீடு வடிவமைப்பதும் விதிகளுக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுதான். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் செய்ததும் அதுதான். என் கையில் மரக்கட்டைக்குப் பதிலாக முதலில் வரைபடம் வரையும் ரோட்ரிங் பேனாவும் பிறகு கணினிச் சுட்டியும் இருந்தன என்பதே வேறுபாடு.

மூன்று வார இறுதிகளில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, பதினொரு குடும்பங்களை அவள் விளையாட வைத்தாள். அவர்களில் தனியாக வாழும் ஒரு சீனப் பாட்டியும் இருந்தார். அவருக்கு ஹொக்கியன் தவிர வேறு மொழி தெரியாது, இவளுக்கோ ஹொக்கியனில் நாலு சொல்கூடத் தெரியாது. அந்தப் பாட்டி கட்டைகளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கட்டிலை எடுத்துப் படுக்கையறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, வரவேற்பறையில் வாசற்கதவை ஒட்டி வைத்தார். பாட்டி தவறுதலாக வைத்துவிட்டார் என்று எண்ணி இவள் மறுபடி உள்ளே வைத்தாள். பாட்டி மீண்டும் எடுத்து வாசலருகே வைத்து, தரையைத் தட்டி, தாம் விழுவதுபோல் சாய்ந்து காட்டி, பிறகு நடைபாதையைச் சுட்டிக்காட்டினார். இரவில் விழுந்துவிட்டால் யார் காதிலாவது கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். அதே பாட்டியிடம் அதற்கு முந்தைய மாதம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் செய்திருக்கிறார்கள். வீட்டின் அமைப்பு எப்படி என்ற கேள்விக்கு அதில் 'மனநிறைவு' என்று குறியிட்டிருந்தார். கேள்வித்தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டுப் பெற முடியாத ஒன்றை ஒரு மரக்கட்டை கேட்டுப் பெற்றது. காணொளியில் வெட்டப்பட்ட ஆறு நிமிடங்களில் அவள் சொன்னது இதைத்தான்.

இனி எனக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். "வீடு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு, இருபத்தைந்து ஆண்டுக் கடன், அதில் போய் விளையாடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டார், ஆகவே மரியாதையாகவே சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டு கடன் கட்டப்போகிற வீட்டில் கட்டில் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், மாமியார் சமையலறைக்குள் சக்கர நாற்காலியில் நுழைய முடியுமா என்பதையெல்லாம் சாவி கையில் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பது பொறுப்பா, கட்டைகளை நகர்த்தி முன்பே கண்டுபிடிப்பது பொறுப்பா? சிமெண்டில் பிழை செய்தால் உடைக்க வேண்டும், மரக்கட்டையில் பிழை செய்தால் எடுத்து வைக்கலாம். விளையாட்டு விலை மலிவானது என்பதாலேயே அதை வீட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. 1972இல் கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து தோ பாயோ வட்டாரத்தில் ஒரு மூவறை வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பா, அம்மா, அப்பாயி, நான்கு பிள்ளைகள். அப்பா தவணையில் ஒரு பெரிய மர அலமாரிக்குச் சொல்லிவைத்திருந்தார். அது வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல், அண்ணனும் நானும் பழைய நாளிதழ்களை ஒட்டி அலமாரியின் அளவுக்கு வெட்டி, அது வரப்போகும் இடத்தில் தரையில் விரித்தோம். தாளை மிதித்தவர் ஆட்டத்தில் தோற்றவர். மூன்று நாளும் காலையில் தாள் கசங்கியே கிடந்தது. அப்பாயிதான் மிதித்திருக்கிறார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டேதான் சமையலறைக்குப் போவார். வீட்டில் ஒருவருக்கும் அதுவரை அது தெரியாது. அலமாரி எதிர்ச்சுவருக்கு மாறியது, கடைசிவரை அங்கேயே இருந்தது. என் அண்ணன் இந்தக் கதையைத் தன் மகளிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பான். அவளுடைய மரக்கட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்களுக்கு அந்த நாளிதழ்த் தாளைத்தான் நான் காட்டுவேன்.

தோ பாயோவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே லோரோங் 6இல் இருக்கும் கடல்நாக (டிராகன்) விளையாட்டிடத்தை 1979இல் வடிவமைத்தவர் கோர் இயன் கீ, வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர். அடுக்குமாடி வீடுகளை வேகமாக எழுப்பிக்கொண்டிருந்த அதே கழகத்தில் ஒருவர் உட்கார்ந்து, நாகத்தின் முதுகில் பிள்ளைகள் எப்படி ஏறுவார்கள், எங்கே வழுக்குவார்கள் என்று யோசித்திருக்கிறார். பிள்ளைகளுக்காகச் செய்தது, வீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களானால், எங்களுக்கு அதுவும் வீட்டின் ஒரு பகுதிதான். ஏழு பேர் இருந்த மூவறை வீட்டில் நாங்கள் மூச்சுவிட முடிந்தது கீழே அந்த மணல்தரை இருந்ததால். இன்று அந்த நாகத்தோடு படம் எடுத்துப் பதிவிடாத சிங்கப்பூரர் குறைவு. அந்தப் படங்களுக்கு நெஞ்சக்குறி இடும் விரல்களே நாற்பது விநாடிக் காணொளிக்குச் சிரிப்புக்குறி இட்டதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வலித்தது.

"மாணவர்கள் படிக்கும்போது இப்படிச் செய்வார்கள், வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதலாக எழுதியவர்களுக்கு மோஷே சஃப்டியை நினைவூட்ட விரும்புகிறேன். மரினா பே சாண்ட்ஸையும் சாங்கி ஜுவலையும் வடிவமைத்தவர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது செய்த ஆய்வேட்டிலிருந்துதான் மாண்ட்ரியலில் இருக்கும் ஹேபிடாட் 67 குடியிருப்பு பிறந்தது. 354 கான்கிரீட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒருவர் வீட்டின் கூரை இன்னொருவர் வீட்டின் தோட்டமாகும்படி அமைத்த குடியிருப்பு அது. அதைத் திட்டமிட்டபோது லெகோ கட்டைகளை அடுக்கித்தான் அவர் மாதிரிகள் செய்து பார்த்தார். 1967இல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என் அண்ணன் மகள் சஃப்டி ஆகிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. கட்டைகளைக் கையில் எடுத்ததற்காக அவளைச் 'சரியாக்க' வேண்டியதில்லை என்கிறேன்.

கட்டட வேலையில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் ஹோட்டல் நியூ வேர்ல்டை இழுத்திருந்தார். 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையோரம் அந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 33 பேர் இறந்ததை எங்கள் தலைமுறை மறக்காது. ஆனால் கட்டடம் தன் சொந்தப் பளுவையே தாங்க முடியாதபடி, அந்தப் பளுவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் அங்கே நடந்த பிழை. ஒரு மாணவியின் அறைக்கட்டைகளோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை. இறந்தவர்களுக்கும் அது மரியாதையில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு மறுப்பு எனக்குள்ளேயே எழுந்தது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அப்போது வீவக தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மக்களிடம் போய் யாரும் கட்டையை நகர்த்திப் பாருங்கள் என்று சொல்லியிருக்க முடியாது. கூரை வேண்டும், தண்ணீர் வேண்டும், உடனே வேண்டும். ஒரே மாதிரியான அறைகளை அடுக்கடுக்காக எழுப்பியதுதான் அன்றைக்குச் சரி. அந்த வேகத்தின் பயனால்தான் நானும் வளர்ந்தேன். ஆகவே இந்த மறுப்பை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அது அந்தக் காலத்தின் அவசரம். 2024 அக்டோபரில் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் படுக்கையறைத் தடுப்புச் சுவர்களே இல்லாத வீடுகளை வீவக முன்னோட்டமாக அறிவித்தது; சுவரை எங்கே வைப்பது என்பதைக் குடியிருப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம். என் அண்ணன் மகளின் பலகையில் இருந்ததும் அதே கேள்விதான்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் தொடங்கினேன். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் முதியோருக்கான ஒரு கட்டடத்தின் தளவரைபடம் என் மேசைக்கு வந்தது. மதிய இடைவேளையில் அட்டையைச் சரியான அளவுக்கு வெட்டி, சக்கர நாற்காலி ஒன்றும் கட்டில் ஒன்றும் செய்து, வரைபடத்தின்மேல் நகர்த்திப் பார்த்தேன். குளியலறைக் கதவு திறந்தால் நாற்காலி திரும்ப முடியவில்லை. மேலாளரிடம் அட்டைகளோடு போனேன். "இங்கே நாம் பொம்மை வீடு விளையாட வரவில்லை" என்று அவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டேன். கட்டடம் முடியும் தறுவாயில் அந்தத் தளத்துக் குளியலறைக் கதவுகள் அத்தனையையும் கழற்றி மறுபக்கம் மாட்டினார்கள். அன்றும் யாரும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகு முப்பதாண்டுக் காலம் நான் யாரிடமும் அட்டை வெட்டிக் காட்டவில்லை. வீட்டில் தனியாக வெட்டிப் பார்ப்பேன், பிழை தெரிந்தால் கணினியில் திருத்தி, வேறு யாரோ கண்டுபிடித்ததுபோல் மெல்லச் சொல்வேன்.

சனிக்கிழமை கூடம் சிரித்தபோது எனக்கு அந்தச் சிரிப்பு அடையாளம் தெரிந்தது. பெண் பிள்ளை ஒருத்தி ஐந்தாண்டுப் படிப்புக்குத் துணிந்து, நம் சமூகத்தில் மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற வரிசையில் முன்னே நிற்காத ஒரு துறையை எடுத்து, தன் தாத்தா பாட்டி வயதுக்காரர்களோடு கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அவர்கள் இரவில் எப்படி விழுவார்கள் என்று கேட்டுவந்திருக்கிறாள். சிரித்தவர்களில் என் உறவினர்கள் மூவர் இருந்தார்கள். அவளைத் தொட்டிலில் ஆட்டியவர்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் கேட்டது ஒன்றுதான்: "அத்தை, அடுத்த முறை நான் கணினிப் படமாகவே கொண்டு போகட்டுமா? அப்போது சிரிக்கமாட்டார்கள் அல்லவா?" நான் வேண்டாம் என்று சொன்னேன். சொன்ன வேகத்தில் குரல் உடைந்துவிட்டது, அதை அவள் பார்த்துவிட்டாள்.

அந்தப் பெரியவர்மீது எனக்குப் பகை இல்லை. கோயில் திருப்பணிக்கும் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கும் அவர் ஓடியாடி உழைத்ததை அறிவேன். ஐயா, இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். உங்கள் துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரையும் அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டின் அளவுக்கு அவள் பலகையைத் தயார் செய்து வைத்திருப்பாள். கட்டிலை எங்கே வைப்பீர்கள் என்று அம்மையார் முதலில் காட்டட்டும், பிறகு நீங்கள் காட்டுங்கள்.

குழு நிர்வாகிகளுக்கு: அந்த நாற்பது விநாடியை நீக்குங்கள், அல்லது அதோடு அவளுடைய ஆறு நிமிடத்தையும் சேர்த்துப் போடுங்கள். முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு இன்றிரவே அனுப்புகிறேன்.