மரத்தின் மேல் பழி போடாதீர்கள்

மரங்கள் அடர்ந்த, ஏற்ற இறக்கமான தடத்தில் டிஸ்க் கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அது ஆட்டமே இல்லைங்க, வெறும் அதிர்ஷ்டம்." ஒருவர் நன்றாக எறிகிறார், சுள்ளியில் உரசிப் புதருக்குள் போய்விடுகிறது. இன்னொருவர் கண்டபடி வீசுகிறார், அடிமரத்தில் பட்டுத் தெறித்து பாஸ்கெட் பக்கத்தில் போய் விழுகிறது. இதில் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் நேர் எதிர்க் கட்சி. பலவீனங்கள் ஒளிந்துகொள்வது திறந்தவெளியில்தான். காட்டுக்குள் எல்லாம் வெட்டவெளிச்சம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோல்ஃபில் பந்தும் குழியும் என்றால் இங்கே தட்டு மாதிரியான டிஸ்க்கும், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் பாஸ்கெட்டும். டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கடைசியில் யார் குறைவான எறிகளில் முடித்தார் என்பதுதான் கணக்கு. 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் தடத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலி பாஸ்கெட்டும் அவர் கொண்டுவந்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதிதாக ஆட வருகிற எல்லோருக்கும் தூரத்தின் மேல்தான் மோகம். 2016-இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்து சாதனை படைத்தார். மலைக்க வைக்கிற தூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நெவாடாவின் பாலைவன வெளி, காற்றும் கைகொடுத்தது. மரங்களுக்கு நடுவே அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 30 மீட்டர் தள்ளி 3 மீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் சுமார் 3 டிகிரி, அந்தப் பக்கம் 3 டிகிரி, அவ்வளவுதான் உங்களுக்கு இடம். அதே 3 டிகிரி பிசகு மைதானத்தில் 100 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய 5 மீட்டர் விலகலாகத் தெரியும். "அருமையான எறி" என்று கைகூடத் தட்டுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், மரத்தில் பட்டதும் தலையில் அடித்துக்கொள்ளாமல் எந்த மரத்தில் பட்டது என்று பாருங்கள். டீயிலிருந்து, அதாவது எறியத் தொடங்கும் இடத்திலிருந்து, பத்தடியில் இருக்கும் மரம் என்றால் கோளாறு கையில்தான். வலது கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறிகிறவருக்கு வலப்பக்க மரத்தில் பட்டால் டிஸ்க்கைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்து விட்டிருக்கிறார். இடப்பக்கம் என்றால் பெரும்பாலும் சீக்கிரம் விட்டிருப்பார். அந்த முதல் இடைவெளியை அழகாகத் தாண்டிப் போய் கடைசியில் இடப்பக்கம் வளைந்து மரத்தில் மோதினால் கையைக் குறை சொல்ல வேண்டாம், அங்கே தப்பு டிஸ்க் தேர்வில் இருக்கலாம். டிஸ்க்கின் மேல் போட்டிருக்கும் நான்கு எண்களில் முதல் எண் வேகம், கடைசி எண் முடிவில் எவ்வளவு வளையும் என்பது. வேகம் 12, 13 என்று போட்ட, டிரைவர் எனப்படும் தூர எறி டிஸ்க்கை இடைவெளிக்குப் பயந்து மெதுவாக எறிந்தால், அது பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்துவிடும். பையில் சும்மா கிடக்கும் நடுத்தூர டிஸ்க்கான மிட்ரேஞ்சோ, கிட்டத்து எறிக்கான பட்டரோ நேராகப் போயிருக்கும். டீயில் நின்று பட்டரை எடுத்தால் ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி நினைக்கிறார்கள். என்ன கௌரவமோ!

மேட்டு நிலம் வந்துவிட்டால் கதை இன்னும் சிக்கலாகிறது. இறக்கத்தில் ஒரு மீட்டர் தாழ்வுக்கு மூன்று மீட்டர் தூரத்தைக் கழித்துக்கொள் என்று ஆட்டக்காரர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஏற்றத்தில் நம்மைக் கெடுப்பது தூரமல்ல, டிஸ்க்கின் மூக்கு. மேலே எறிய வேண்டுமே என்ற அவசரத்தில் மணிக்கட்டால் முன்விளிம்பைத் தூக்கிவிடுகிறோம். டிஸ்க் ஜிவ்வென்று ஏறி, அந்தரத்தில் வேகம் செத்து, பக்கவாட்டில் சரிந்து விழும். தோளையும் இடுப்பையும் சரிவோடு சேர்த்துச் சாய்த்து, மொத்த உடம்பும் மேல்நோக்கி எறிய வேண்டும். சொல்வது சுலபம்.

சரிவில் நிற்கும் பாஸ்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். ஏழெட்டு மீட்டரிலிருந்து பட் அடிக்கிறீர்கள், அதாவது பாஸ்கெட்டுக்குள் போடப் பார்க்கிறீர்கள். டிஸ்க் பாஸ்கெட்டின் விளிம்பில் தட்டிக் கீழே விழுகிறது. படுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. சில நேரம் அது தரையில் தன் விளிம்பிலேயே நிமிர்ந்து நிற்கும், போகலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பது போலத் தள்ளாடும், அப்புறம் சிறுவர்கள் ஓட்டிவிட்ட சைக்கிள் டயர் மாதிரி சருகுகளுக்கு மேல் தாவித் தாவிக் கீழே போய்விடும். இப்போது நீங்கள் முப்பது மீட்டர் கீழே, ஒரு கால் வேரிலும் ஒரு கால் ஈரச் சருகிலுமாக நிற்கிறீர்கள். இதையும் அதிர்ஷ்டம் என்பார்கள். பின்னால் பள்ளம் இருக்கிறது என்று எறிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறதே! பாஸ்கெட் அடியில் மெதுவாகப் போட்டு, அடுத்த எறியில் முடிக்கும் வழி எப்போதும் திறந்துதான் இருக்கிறது. இன்னொன்று, பாஸ்கெட்டைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள் நின்று எறிந்தால் சமநிலையோடு நின்று காட்டிய பிறகுதான் முன்னே கால் வைக்கலாம். சமதரையில் யாரும் நினைத்துப் பார்க்காத இந்த விதி சரிவில் தொடை நடுங்க வைக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சில தடங்களில் வழி என்று ஒன்றே இருக்காது. எந்தக் கோணத்தில் எறிந்தாலும் நடுவில் நாலைந்து மரம், தப்பித்தால் தப்பித்தது. அதை அதிர்ஷ்டம் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அந்தத் திட்டு, தடத்தை அமைத்தவருக்குப் போக வேண்டியது, காட்டுக்கு அல்ல. நல்ல ஹோலில், அதாவது டீயிலிருந்து பாஸ்கெட் வரையிலான பாதையில், நேர்மையான வழி ஒன்றாவது இருக்கும், துணிந்தவனுக்கு இன்னொன்று இருக்கும்.

கோபத்தில் கிளை ஒடிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். நிற்கும் இடத்துக்கு வாகாகக் கிளையை ஒடிப்பதோ வளைத்துப் பிடிப்பதோ விதிப்படியே கூடாது. ஏற்கெனவே டீக்கு எதிரே நிற்கும் மரங்கள் அடிபட்டு அடிபட்டுப் பட்டை உரிந்து நிற்கின்றன. நாம் நடந்து நடந்து மண் இறுகி, மழையில் அரித்து, வேர்கள் வெளியே தெரிகின்றன. சில இடங்களில் அடிமரத்தைச் சுற்றிக் கட்டைகள் கட்டிக் காப்பாற்றுகிறார்கள், நல்ல வேலை. அந்த மரத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை: டீயை நாலடி தள்ளிப் போடுங்கள். வேறொரு இடைவெளி தானாகக் கிடைக்கும்.