2011-க்கு முன்பும் ஆதரவு இருந்தது

சாகித்திய அகாதெமி 2011-இல் இளம் எழுத்தாளர்களுக்கான யுவ புரஸ்கார் விருதைக் கொடுக்க ஆரம்பிக்கும் வரை தமிழில் புதிதாக எழுத வந்தவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை.

1959-இல் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' என்ற சிற்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையிலிருந்து எழுதிய கவிஞர் பிரமிளுக்கு அப்போது இருபது வயதுதான். அவர் கவிதைகளும் கட்டுரைகளும் அதில் வந்தன. பெயர் பெற்றவரா என்று செல்லப்பா பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார். புதுக்கவிதையை மற்ற இதழ்கள் ஏளனம் செய்த காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம். 1962-இல் அந்தக் கவிஞர்களைத் திரட்டி 'புதுக்குரல்கள்' என்று தொகுப்பும் போட்டார்.

அப்புறம், 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு. அந்தந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டு முடிவில் அவை தொகுப்பாகும். முதல் கதை எழுதியவரும் அந்த வரிசையில் இடம்பெற முடியும்.

யுவ புரஸ்கார் நல்ல விருதுதான். ஆனால் அது 35 வயதுக்கு உட்பட்டவர்களின் அச்சான புத்தகத்துக்குத் தரப்படுவது. கையெழுத்துப் பிரதியோடு நிற்பவருக்குத் தேவை, "இந்தப் பத்தியை எடுத்துவிடு, கதை இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது" என்று சொல்லும் ஒரு மூத்தவர். அதைச் சிற்றிதழ் ஆசிரியர்கள் பலர் கைக்காசு போட்டு இதழ் நடத்திக்கொண்டே செய்தார்கள்.