பழகவே பழகாத சத்தங்கள்

"போகப் போகப் பழகிடும்." ஆட்டிசம் உள்ள பெரியவர்களான எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இதுதான். சிக்கலே அந்தப் பழகுவதில்தான் இருக்கிறது.

மின்விசிறி கிறீச்சிட்டால் கொஞ்ச நேரத்தில் அது உங்கள் காதில் விழாது, மூளை ஓரங்கட்டிவிடும். எங்களில் பலருக்கு மூளை அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை. முதல் நிமிடம் எப்படிக் குத்தியதோ, ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே குத்தும். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். நீங்கள் கவனிக்காத அந்தத் துடிப்பே சிலருக்குத் தலைவலியாகிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல்தான் இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதுவரை எங்களுக்குப் பெயர் 'ரொம்ப அலட்டிக்கிறான்'. (இப்போதும் அதேதான், வீட்டில்.)

தீபாவளி நேரத்து ஜவுளிக்கடைக்குள் என்னோடு வாருங்கள். எல்லாச் சுவரிலும் கண்ணாடி, ஒவ்வொன்றிலும் நூறு விளக்கு. ஒலிபெருக்கியில் பாட்டு, அதன் மேலேயே "குழந்தையைக் காணவில்லை" அறிவிப்பு, பக்கத்தில் ஒருவர் அடித்திருக்கும் சென்ட், முழங்கையில் உரசும் ஜரிகை. எதுவும் பின்னால் போகாது, எல்லாம் ஒரே வரிசையில் முன்னால் நிற்கும். விற்பனையாளர் "என்ன கலர் சார்?" என்று கேட்கிறார். வார்த்தை தெரியும், வாய்க்கு வராது. இதே எனக்குக் காபி நாக்கைச் சுட்டாலும் சட்டென்று உறைக்காது. எல்லாமே கூடுதலாக உறைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரிட்டனில் மாரிசன்ஸ் என்ற மளிகை சூப்பர்மார்க்கெட் கடைகள் 2018-இல் எங்களைப் போன்றவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் காலை ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்தன. நல்லதுதான். மற்ற நாட்களில் எங்களுக்குப் பசிக்காதா?

நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் அணுகல் என்றால் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தோடு நம் கற்பனை நின்றுவிடுகிறது. அதுவே பாதி இடத்தில் இல்லை, சரி.

பேருந்து நிலையத்தில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்வையற்றவருக்கு அறிவிப்பு வேண்டும். டிவியில் அலறும் நகைக்கடை விளம்பரம் யாருக்கு வேண்டும்? அதை அணைத்தால் அவருக்கும் அறிவிப்பு தெளிவாகக் கேட்கும். வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுங்கள், கூடவே பலகையிலும் காட்டுங்கள். நான் ஹெட்போன் மாட்டி நிற்பது திமிரில் இல்லை, உங்கள் கவுண்டர் வரை வந்து சேரத்தான்.