ரைக்ஸ்டாக் போர்த்தலுக்குக் காசு யாருடையது?

'1995இல் ஒரு கலைப்படைப்பாக, பெர்லினில் உள்ள ரைக்ஸ்டாக் என்னும் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் மூட ஜெர்மன் அரசு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டியது' என்பது தவறு. அரசு கொடுத்தது அனுமதி மட்டும்தான். அதுவும் லேசில் கிடைக்கவில்லை: 1971இல் தொடங்கிய முயற்சிக்கு 1994 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் 292க்கு 223 என்ற வாக்கில் தலையசைத்தது.

செலவு முழுக்க இந்தப் படைப்பை உருவாக்கிய கலைஞர்களான கிறிஸ்டோ, ஜான்-குளோட் இணையருடையது. அந்தத் திட்டத்துக்காகக் கிறிஸ்டோ வரைந்த ஓவியங்கள், கொலாஜ்கள் (ஒட்டுச் சித்திரங்கள்), மாதிரி வடிவங்கள், பழைய படைப்புகள் ஆகியவற்றை விற்றே பணம் திரட்டினார்கள். விளம்பரதாரர் காசைத் தொட்டதில்லை.

'சுவரில் ஒட்டிப் பாழாக்கினார்கள்' என்பதும் சரியல்ல. கூரையிலும் சிலைகளைச் சுற்றியும் இரும்புச் சட்டங்கள் நிறுத்தி, துணி கல்லில் உரசாமல் கூரையிலிருந்து மலையேறும் வீரர்களைக் கொண்டு இறக்கினார்கள். அலுமினியப் பூச்சுள்ள பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) துணி 1,00,000 சதுர மீட்டர். நீலக் கயிறு 15.6 கிலோமீட்டர். கட்டடப் பரப்பைப் போல இரு மடங்கு துணி எதற்கென்றால், இழுத்துப் போர்த்தினால் வெறும் பொட்டலம்தான். கொசுவம் மாதிரி மடிப்பு விழுந்தால்தான் வெளிச்சம் விளையாடும்.

இரண்டே வாரம். பிறகு கழற்றி மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று, ஜான்-குளோட் வெறும் 'உதவியாளர்' அல்ல. ஓவியங்கள் கிறிஸ்டோ கைவண்ணம்; இப்படித் திறந்தவெளியில் அமைக்கும் படைப்புகள் இருவர் பெயரிலும்தான் பதிவாகின்றன.