ஒன்றரை லட்சம் ‘அரசு ரேட்’ இல்லை

வளைகுடா வேலைக்கு மேலூர் பக்கம் ஏஜெண்ட் கேட்கும் ஒன்றரை லட்சம் அரசு ரேட்தான், விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாத்திக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. பேங்க் வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். போர்டில் இருக்கும் லைசென்ஸ் எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் போட்டு, முகவரியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பல நேரம் லைசென்ஸ் மும்பைக் கம்பெனியுடையதாக இருக்கும். ஊரில் உட்கார்ந்து காசு வாங்குபவர் வெறும் சப் ஏஜெண்ட். சிக்கல் வந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்பார்.

பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈசிஆர் (எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படும்) பாஸ்போர்ட்தான். அதில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அந்தக் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி, கட்டாயம். விசிட் விசாவில் போனால் இந்த அனுமதி இருக்காது, வேலை ஒப்பந்தம் பதிவாகாது, 10 லட்சம் விபத்துக் காப்பீடும் (பிரீமியம் சில நூறு ரூபாய்தான்!) கிடைக்காது.